தெருவுக்கு இடம் எங்கே?

கரும்பு நின்ற வயலிலே கொடி நிற்கிறது! கட்சிக் கொடியல்ல; மனை விற்பவர் நட்டுவைத்த வண்ணக் கொடி. கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள சாலைகளிலே செல்வோர் இந்தக் காட்சியைக் கண்டிருப்பர். மூலைக்கொரு கல், நடுவிலே செம்மண் கொட்டிய பாதை, முகப்பிலே ‘நகர்’ என்று முடியும் பெயர்ப்பலகை. நகர் பிறந்துவிட்டதாம்! மகிழ்ச்சி. நாம் கேட்பது ஒன்றுதான்: நகர் பிறந்தது சரி, தெரு பிறந்ததா?

2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மாவட்டத் தலைநகர் என்றால் அலுவலகம் வரும், அலுவலர் வருவர், அவர்களை நம்பிக் கடை வைப்போர் வருவர். அத்தனை பேருக்கும் வீடு வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? வாடகை வீட்டிலே வாலிபத்தைக் கழித்தவர், சீட்டுப் பணத்தையும் துணைவியின் நகையையும் சேர்த்து வாங்கும் மனை அது. அதனால்தான் கவலைப்படுகிறோம்.

சுவர் சாய்ந்தால் மீண்டும் எழுப்பலாம். கூரை ஒழுகினால் மாற்றலாம். தெருவை அப்படி மாற்ற முடியுமா? கயிறு பிடித்துக் கல் நட்ட அன்றே அதன் அகலம் முடிவாகிவிடுகிறது. இருபுறமும் வீடு எழுந்தபின் ஓரடி அகலப்படுத்த வேண்டுமென்றாலும் யாரோ ஒருவர் வீட்டை இடித்தாக வேண்டும். நள்ளிரவிலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சாய்கிறார். 108 வண்டி வந்துவிட்டது. தெருமுனையிலே நிற்கிறது, உள்ளே நுழைய வழியில்லை. கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்தின் விலை, மனைக்குக் கொடுத்த விலையைவிடப் பெரிதல்லவா?

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1920இலேயே சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தது. பின்னர் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள். தெரு நீண்டால் அகலமும் கூட வேண்டும். திருப்பத்திலே வண்டி திரும்ப முனையைச் சாய்த்துவிட வேண்டும். மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ முக்கால் ஏக்கரைத் தாண்டினால், சாலை போக மீதியிலே நூற்றுக்குப் பத்து பொது இடமாக விட வேண்டும். சாலையையும் பொது இடத்தையும் தானப்பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்த பிறகே முழு அங்கீகாரம். நல்ல சட்டம்தான். ஆனால் ஏட்டிலே எழுதிய அகலம் மண்ணிலே இருக்கிறதா என்று அளந்து பார்ப்பது யார்?

அளக்காமல் விட்டதன் விளைவை நாடு கண்டது. அங்கீகாரம் பெறாத மனைகள் ஆயிரமாயிரமாய்ப் பெருகின. 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவற்றைப் பதிவு செய்யத் தடை விதித்தது. தவித்தது யார்? விற்றுவிட்டுப் போனவர் அல்ல; வாங்கியவர்! மகள் திருமணத்துக்கு மனையை விற்க நினைத்தவர் பத்திர அலுவலக வாசலிலே நின்றார். 2017இல் வரன்முறை விதிகள் வந்தன; 2016 அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைப்பிரிவுகளுக்கு வழி பிறந்தது. ஏழை எளியோர்க்கு அது தேவைப்பட்ட நிவாரணம், குறை கூறமாட்டோம். ஆயினும் ஓர் உண்மையை மறக்கலாகாது: வரன்முறை, பத்திரத்தைச் சரியாக்கும், சந்தைச் சாலையாக்காது.

லண்டன் மாநகரம் 1666இல் எரிந்தது. நெருக்கமான சந்துகள், மரவீடுகள். தீ கூரைக்குக் கூரை தாவிற்று. அதன் பிறகுதான் தெரு அகலத்துக்கும் செங்கல் சுவருக்கும் சட்டம் செய்தார்கள். அவர்கள் எரிந்தபின் கற்ற பாடத்தை நாம் எரியுமுன் கற்கக்கூடாதா?

தீ மட்டுமா? நீரும் இருக்கிறது. மேற்கே கல்வராயன் மலை. அங்கே பெய்யும் மழைதான் கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி வருகிறது. கச்சிராயபாளையம் அருகே கோமுகி அணை. அங்கிருந்து வயலுக்கு வாய்க்கால். வயல் மனையானால் வாய்க்கால் என்னவாகும்? மண் போட்டு மூடினால், நிலப்படத்திலிருந்து அது மறையலாம், மலை மறக்காது. அடுத்த பெருமழையிலே தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி, வீட்டு வாசற்படியேறி வரும். நீர்வழியிலே அமைந்த மனைக்கு வரன்முறை இல்லை என்று விதி சொல்வது வீணாகவா?

அகலம் மட்டும் போதுமா? எந்தத் தெரு யாருக்கு என்பதும் தெருவமைப்புதான். ஊர் ஒருபுறம், சேரி ஒருபுறம். கல் பாவிய வழி அவர்க்கு, சேற்று வழி இவர்க்கு என்று நம் பழைய ஊர்களிலே கோடு கிழித்தது சாதி! அந்தக் கோட்டை அழிக்கவே பெரியார் நினைவு சமத்துவபுரம் எழுந்தது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையிலே முதலாவதைக் கலைஞர் திறந்தார். நூறு வீடுகள்: ஆதிதிராவிடர்க்கு 40, பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோர்க்கு 25, ஏனையோர்க்கு 10; அனைவருக்கும் ஒரே தெரு. 2022 ஏப்ரலில் விழுப்புரம் மாவட்டம் கொழுவாரியிலும் ஒன்று திறக்கப்பட்டது. அரசு கிழித்த கோடு மனிதரைச் சேர்க்குமானால், மனை விற்பவர் கிழிக்கும் கோடு மனிதரைப் பிரிக்க விடலாமா?

ஆகவே வாங்குவோருக்குச் சொல்கிறோம்: விலையைக் கேட்குமுன் வரைபடத்தைக் கேளுங்கள். அங்கீகார எண்ணைப் பாருங்கள். பின்னர் நாடாவை எடுத்துத் தெருவை அளவுங்கள். குறைந்தால் முன்பணத்தை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் சொல்கிறோம்: தானமாக வந்த சாலைக்கும் பூங்காவுக்கும் நீங்களே காவல், வேலியிட்டுப் பலகை நடுங்கள்.

மனை விற்றவர் கொடியைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போய்விடுவார். நம் பேரப்பிள்ளைகள் நடக்கப்போவது அவர் விட்டுச்சென்ற தெருவிலேதான்.