ஒன்றரை அங்குலம்

நீளம் 13 அடி 9 அங்குலம். இன்னொன்று 13 அடி பத்தரை அங்குலம். பாய், ஒன்றுக்கு 75 சதுர அடி, மற்றதுக்கு 76. எடை சுமார் 54 கிலோ, 59 கிலோ. தாளின் நடுவே கோடு போட்டு டெபிட், கிரெடிட் மாதிரி எழுதினால் இரண்டு பாய்மரப் படகும் கிட்டத்தட்ட டாலி ஆகிவிடும். முதலாவது சன்ஃபிஷ், இரண்டாவது லேசர். அமெரிக்க ஏரிகளில் தனி ஆளாகப் படகு விட ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக முழிப்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

டாலி ஆன கம்பெனியெல்லாம் உருப்பட்ட கம்பெனியா என்ன?

சன்ஃபிஷ்ஷுக்குப் பிறந்த வீடு கனெக்டிகட். பிரையன், ஹெய்னிகர் என்று இரண்டு சிநேகிதர்கள். முதலில் அவர்கள் செய்த 'செயில்ஃபிஷ்' வெறும் தட்டைப் பலகை. காலை எங்கே வைப்பது என்றே தெரியாது. கால் வைக்கக் குழி வேண்டுமென்று பிரையனின் மனைவி சொல்ல, 1950-களின் தொடக்கத்தில் அகலத்தைக் கூட்டிக் குழியும் வைத்தார்கள். அதுதான் சன்ஃபிஷ். மனைவி பேச்சைக் கேட்டதற்குப் பலன், இதுவரை 3 லட்சம் படகுக்கு மேல்!

லேசர் பிறந்தது டெலிபோனில். 1969-ல் இயன் புரூஸ் என்பவர், கார் தலையில் கட்டிக்கொண்டு போகிற மாதிரி ஒரு படகு வேண்டும் என்று புரூஸ் கெர்பியிடம் கேட்க, அவர் பேசிக்கொண்டே தாளில் கிறுக்கினாராம். (நாம் கிறுக்கினால் கோலம்தான் வரும்.) 1970-ல் ஓட்டிப் பார்த்த முதல் படகின் பெயர் 'வீக்கெண்டர்'. பாயில் 'டி.ஜி.ஐ.எஃப்.' என்று எழுத்து. அதாவது, 'அப்பாடா, வெள்ளிக்கிழமை!' ஆஹா, நம்ம ஆபீஸ் ஆசாமிகளுக்கென்றே செய்திருக்கிறான் என்று ஏறி உட்கார்ந்தீர்களோ, தொலைந்தீர்கள். 1996-ல் அது ஒலிம்பிக்ஸுக்கே போய்விட்ட படகு ஸார்!

சன்ஃபிஷ்ஷின் அடிப்பாகம் தட்டை. மனைப்பலகை மாதிரி சமர்த்தாக மிதக்கும். லேசர் அடியில் உருண்டை. ஏறும்போதே 'யார்ரா நீ?' என்று ஒரு ஆட்டு ஆட்டும். சன்ஃபிஷ்ஷில் பாயை இரண்டு கழிக்கு நடுவே கட்டி, குட்டையான மரத்தில் ஏற்றுகிறார்கள். கயிற்றை விட்டால் இறங்கிவிடும். லேசரிலோ தலையணை உறை மாதிரி பாயை மரத்தில் மாட்டிவிட வேண்டும். நடு ஏரியில் மேகம் திரண்டால் இறக்குகிற பேச்சே கிடையாது. குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே கரைக்கு வர வேண்டியதுதான். காற்று ஏறினால் பட்டையில் காலை மாட்டி, உடம்பை வெளியே சாய்த்துத் தொங்க வேண்டும். திங்கட்கிழமை ஆபீஸ் மாடிப்படி ஏறும்போது தொடை கணக்குக் கேட்கும்.

ஆனால் லேசர் ஓடுகிற ஓட்டமே தனி. உடம்புக்கேற்ற சௌகரியமும் உண்டு. அதே படகில் 76, 62, 50 சதுர அடி என்று மூன்று பாய். எண்பது கிலோக்காரருக்குப் பெரிசு, இளைத்தவருக்குச் சின்னது. நம்ம சென்னைப் பெண் நேத்ரா குமணன் 2021-ல் டோக்கியோவிலும் 2024-ல் பாரிஸிலும் ஒலிம்பிக்ஸில் ஓட்டியது நடுப் பாயில். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியது பெரிய பாயில். (பெயர்த் தகராறு வந்ததால் 2019-லிருந்து போட்டிகளில் அதற்கு 'ஐ.எல்.சி.ஏ.' என்று பெயர்.)

மிஷிகனில் இருக்கும் என் நண்பனுக்கு லேசர் மேல்தான் கண். மனைவி, ஏழு வயசுப் பெண்.

"ஏண்டா, லேசர்ல ஒருத்தர்தானே ஒழுங்கா உட்காரலாம்? சனிக்கிழமையானா அவங்க ரெண்டு பேரும் கரையில உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணுமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ரேஸ்ல கலந்துக்கணும்டா. நாப்பது வயசாகப் போகுது. இப்ப விட்டா எப்ப?"

அதுவும் நியாயம்தான். இந்த ஆசையை நான் கிண்டல் பண்ண மாட்டேன்.

"சரி, உங்க ஏரியில எந்தப் படகு நிறைய ஓடுது?"

"சன்ஃபிஷ் பதினாலு. லேசர் ரெண்டு."

"அப்ப லேசரே வாங்கு. கடைசியா வந்தாலும் வெண்கலம்!"

சிரித்தான். ஆனால் ரேஸ் என்பது கூட ஓட ஆள் இருந்தால்தானே? பதினாலு பேர் இருக்கிற இடத்தில் சன்ஃபிஷ்ஷிலேயே தாராளமாக மோதலாம். பான் அமெரிக்க விளையாட்டில்கூட அதற்குப் போட்டி வைத்திருக்கிறார்கள். ரேஸ் இல்லாத வாரம் பெண்ணையும் ஏற்றிக்கொள்ளலாம். என் ஓட்டு சன்ஃபிஷ்ஷுக்கு. கல்யாணமாகாத, முட்டி பலமுள்ள பிரம்மச்சாரிகள் லேசர் பக்கம் போகலாம்.

எதுவானாலும் செகண்ட்ஹேண்ட் என்றால் பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பழைய சன்ஃபிஷ்ஷின் வயிற்றிலுள்ள ஃபோம் தண்ணீர் குடித்திருக்கும். எடை மெஷினில் ஏற்றுங்கள். 54 கிலோ இருக்க வேண்டியது 70 காட்டினால் 'வரேன் ஸார்' என்று சொல்லிவிடலாம். லேசர் என்றால் பாய்மரம் நடுகிற குழியில் தண்ணீர் ஊற்றிவிட்டு, விற்கிறவரோடு ஒரு காபி சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் அடியில் ஓட்டை. காபிக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.