பிள்ளையின் பெயருக்கு மாறுவது சொத்தா, சுமையா?

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்டுத் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயமாக நடைபெறுவது வழமை. ஆண்டில் ஒரு நாள் அக்குடும்பத்திற்கு உரிமை. அந்நாளின் செலவும் அக்குடும்பத்தினுடையதே. தந்தைக்குப் பின் மகன் அதனைப் பொறுப்பேற்பான். இயலாத நிலை வந்தால் கோயில் நிர்வாகத்திடம் சொல்லி விலகலாம். உறவினர் ஒருவர் ஏற்றுக்கொள்வார். உரிமையும் செலவும் ஒன்றாகவே கைமாறும் என்பதை எம்மவருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

'டைம்ஷேர்' எனப்படும் விடுமுறைப் பங்கும் அத்தகையதே. ஒரு விடுமுறை இல்லத்தில் ஆண்டுக்கு ஓரிரு வாரங்கள் தங்கும் உரிமை ஒருபுறம். தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய பராமரிப்புக் கட்டணம் மறுபுறம். சுவிற்சர்லாந்தில் வாழும் பெற்றோர், பிள்ளைகளின் பெயருக்கு இதனை மாற்ற எண்ணும்போது முதற்பகுதி மட்டுமே கண்ணுக்குத் தெரிகிறது. "பிள்ளைக்கு ஏதோ ஒன்று இருக்கட்டும்" என்னும் நல்லெண்ணம், பிள்ளை கேட்டறியாத கடனாக மாறிவிடும் ஆபத்து இங்குதான் உள்ளது. உபயத்தில் ஒரு வாய்ச்சொல்லால் விலகலாம். ஒப்பந்தத்தில் அவ்வாறு விலக முடியாது.

மாற்றுவதற்கு முன் அறிய வேண்டியது, கையில் இருப்பது என்ன என்பதே. இவ்விடுமுறைப் பங்கு முறையின் முன்னோடிகளுள் ஒன்றான ஹாப்பிமாக் நிறுவனம் 1963 இல் சுவிற்சர்லாந்திலேயே தொடங்கப்பட்டது. அங்கு உறுப்பினர் வாங்குவது நிறுவனத்தின் பங்கு. அப்பங்குக்கு ஆண்டுதோறும் தங்குவதற்கான புள்ளிகள் கிடைக்கும். ஆண்டுக் கட்டணமும் உண்டு. வேறு இடங்களில் அது வெறும் சங்க உறுப்புரிமையாகவோ, ஒப்பந்தத்தால் மட்டும் உண்டான தங்கும் உரிமையாகவோ இருக்கலாம். இன்னும் சிலவற்றில் காணிப் பதிவேட்டில் பதியப்பட்ட கூட்டு உடைமையாக இருக்கும். மூன்றையும் மாற்றும் வழிகள் வேறு வேறு. பங்காயின் நிறுவனத்தின் பங்குப் பதிவேட்டில் பெயர் மாற வேண்டும். காணிப் பதிவாயின் நொத்தாரிசிடம் செல்ல வேண்டும்.

வெறும் ஒப்பந்தமாயின், வீட்டுக்குள் தந்தையும் மகளும் எழுதிக் கையெழுத்திட்ட கடதாசி மட்டும் போதாது. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின்படி, பழைய கடனாளி விடுவிக்கப்பட்டு வேறொருவர் அவரது இடத்திற்கு வருவதாயின், கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும். நிறுவனம் சம்மதிக்கும்வரை கட்டணச் சீட்டுத் தந்தையின் பெயருக்கே வந்துகொண்டிருக்கும். மகள் செலுத்தத் தவறினால் தந்தையே பதில் சொல்ல வேண்டும். ஆகவே எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறாமல் மாற்றம் நிறைவேறியதாக எண்ணுவது தவறு.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளையின் பெயருக்கு மாற்றுவது இதனினும் சிக்கலானது. பெற்றோரே கொடுப்பவராகவும், பிள்ளையின் சார்பில் ஏற்பவராகவும் இருக்கும்போது இரு தரப்பினதும் நலன்கள் முரண்படக்கூடும். அவ்வாறு முரண்படும் விடயத்தில் பெற்றோரின் பிரதிநிதித்துவ அதிகாரம் தானாகவே அற்றுப்போகும் என்று சுவிஸ் குடியியற் சட்டத்தின் 306 ஆம் பிரிவு கூறுகிறது. அப்போது சிறுவர் மற்றும் வயதுவந்தோர் பாதுகாப்பு அதிகாரசபையே தீர்மானிக்கும், அல்லது பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்கும். சுமையற்ற அன்பளிப்பை ஒரு சிறுவன் பெற்றுக்கொள்ளலாம். ஆண்டுதோறும் கட்டணம் கேட்கும் அன்பளிப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று.

வயதுவந்த பிள்ளைகளுக்கும் இது சிறிய விடயமன்று. செலுத்தப்படாத கட்டணம், 'பெத்ரைபுங்' என்று எம்மவர் அழைக்கும் கடன் அறவீட்டு நடவடிக்கையாக மாறலாம். அப்பதிவு பொதுவாக ஐந்து ஆண்டுகள் வரை பிறர் பார்வைக்குத் தெரியும். வாடகைக்கு வீடு தேடும் இளைஞனிடம் வீட்டு முகாமையாளர் முதலில் கேட்பது அப்பதிவேட்டின் பிரதியையே. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதும் நிதிக் கடப்பாடுகளை நிறைவேற்றியமை கவனிக்கப்படுகிறது. பெற்றோர் அன்புடன் கொடுத்த ஒரு வார விடுமுறை, பிள்ளையின் வீட்டுக்கும் கடவுச்சீட்டுக்கும் தடையாகிவிடலாகாது.

"இப்போது எதுவும் செய்யாமல் விட்டால், காலத்தின் பின் தானாகவே முடிந்துவிடும்" என்று எண்ணுவோரும் உளர். அதுவும் சரியன்று. ஒருவர் இறந்ததும் அவரது சொத்துகளும் கடன்களும் ஒருங்கே உரித்தாளர்களைச் சேரும் என்பது சுவிஸ் சட்டம். ஒப்பந்தத்தில் இறப்புடன் முடிவுறும் என்ற வாசகம் இல்லையாயின், கட்டணமும் அவற்றுடன் தொடரக்கூடும். உரித்தை மறுக்க மூன்று மாத அவகாசம் உண்டு. ஆனால் விடுமுறைப் பங்கை மட்டும் மறுத்துவிட்டு வங்கிச் சேமிப்பை ஏற்க முடியாது. ஏற்றால் எல்லாம், மறுத்தால் எல்லாம். 2023 சனவரி முதல் நடைமுறையிலுள்ள புதிய உரித்துச் சட்டம் பிள்ளைகளின் கட்டாயப் பங்கைக் குறைத்து, உயில் எழுதுவோருக்குக் கூடுதல் சுதந்திரம் அளித்துள்ளது. அச்சுதந்திரம் உரித்தின் கடன்களை அழிப்பதில்லை.

உறவுமுறையும் முக்கியம். பங்கு சுவிஸ் காணிப் பதிவில் உள்ளதாயின், வெளிநாட்டவர் காணி வாங்குவதைக் கட்டுப்படுத்தும் 'லெக்ஸ் கோல்லர்' சட்டம் குறுக்கே வரலாம். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கும், கணவன் மனைவியருக்கிடையிலும் மாறுவதற்கு அச்சட்டத்தில் விலக்கு உண்டு. அண்ணன் தம்பிக்கு எழுதிக்கொடுப்பதற்கு அவ்விலக்கு இல்லை. அன்பளிப்பு வரியும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடும். பெரும்பாலான மாநிலங்களில் பிள்ளைகளுக்கு வரியில்லை. சகோதரருக்கும் பெறாமக்களுக்கும் பல மாநிலங்களில் வரியுண்டு.

ஸ்பெயின் நாட்டில் விடுமுறையின்போது வாங்கியவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாட்டின் 1998 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய உரிமைகளுக்கு 50 ஆண்டு உச்ச வரம்பை விதித்தது. அச்சட்டத்தின் பின் காலவரையறையின்றி எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் செல்லாதவை என 2015 இல் ஸ்பானிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளையின் பெயரில் புதிய ஒப்பந்தம் எழுதுமுன், பழைய ஒப்பந்தமே செல்லுபடியானதா என்று சட்டத்தரணியிடம் கேட்பது அறிவுடைமை. "உங்கள் பங்கை விற்றுத் தருகிறோம்" என்று தொலைபேசியில் அழைத்து முற்பணம் கேட்போரை நம்புவது, ஒரு குழியிலிருந்து மற்றொரு குழியில் வீழ்வதாகும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஆண்டுக் கட்டணம் 900 பிராங்க் என்று வைத்துக்கொள்வோம். அது உயராமலே இருந்தாலும் 30 ஆண்டுகளில் 27,000 பிராங்க் ஆகும். அத்தனை ஆண்டுகளும் அதே இடத்திற்குச் செல்லப் பிள்ளை விரும்புகிறாரா என்பதைப் பிள்ளையிடமே கேட்க வேண்டும். விரும்பினால் ஒப்பந்தத்தை முழுமையாக வாசித்து, நிறுவனத்தின் சம்மதத்துடன், முறைப்படி மாற்றலாம். விரும்பாவிட்டால், கையெழுத்திட்டவர் நலமாக இருக்கும்போதே அதனைத் திருப்பிக் கொடுக்கவோ முடிவுக்குக் கொண்டுவரவோ வழி தேட வேண்டும். ஒப்பந்தம் செய்தவரே அதனை முடிப்பது, உரித்தாளர் பலர் கூடி முடிப்பதைக் காட்டிலும் எளிது.

இளையோருக்கும் இதில் கடமை உண்டு. பெற்றோருக்கு வரும் ஜேர்மன், பிரெஞ்சுக் கடிதங்களைச் சிறுவயது முதல் வாசித்துச் சொன்னவர்கள் அவர்களே. அதே அக்கறையுடன் இந்த ஒப்பந்தத்தையும் வரிக்கு வரி வாசித்துப் பெற்றோருக்கு விளக்க வேண்டும். "வேண்டாம், அப்பா" என்று மரியாதையுடன் சொல்வது நன்றி மறத்தல் ஆகாது.

தேசவழமைச் சட்டம், 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுக்கப்பட்டபோதே, முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று சொத்தை வகுத்துச் சொன்னது. குளிரிலும் இரவு வேலையிலும் உழைத்த பெற்றோரின் தேட்டம் பிள்ளைகளைச் சேர வேண்டும் என்பதில் ஐயமில்லை. சேர்வது தேட்டமாகவே இருக்கட்டும், கடனாக வேண்டாம்.