நாளைய ஆசிரியருக்கு ஒரு சொல்

ஆசிரியர் பயிற்சி பெற்றுவரும் நம் முன்னாள் மாணவி ஒருவர் அண்மையில் என்னைக் காண வந்தார். “ஐயா, நல்லாசிரியராக விளங்க எதனை முதலில் கற்க வேண்டும்?” என வினவினார். “பிள்ளைகளின் வீட்டை, அம்மா” என்றேன்.

ஒரே சீருடை அணிவதால் பிள்ளைகள் யாவரும் ஒருபோல் ஆகிவிடார். ஒருத்தியின் வீட்டில் தெலுங்கு பேசுவர். அவள் தமிழில் தயங்குவது மந்தத்தால் அன்று. என் இளமையில், நாள்தோறும் தாமதமாக வந்த சிறுவன் ஒருவனை வகுப்பிற்கு வெளியே நிறுத்தினேன். தாய் விடியுமுன் பால்மரம் சீவச் சென்றபின், தம்பி தங்கையரைக் கவனித்துவிட்டு வந்தவன் அவன் என்பதை, அவன் வீட்டிற்குச் சென்றபோதுதான் அறிந்தேன், தலைகுனிந்தேன்.

இப்பிள்ளைகள் நாளை இடைநிலைப்பள்ளியில் மலாய், சீன மாணவர்களுடன் கலந்து பயில்வர். இங்கு மதிக்கப்பட்ட பிள்ளையே அங்குப் பிறரை மதிக்கும்; தானும் தலைநிமிர்ந்து நிற்கும்.

தோட்ட நிர்வாகங்கள் பள்ளி அமைக்க வேண்டுமென 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வகுத்தது. சட்டம் கட்டடத்தைத் தரும், அக்கறையைத் தராது. ஆதலின், பயிற்சி ஆசிரியர்கள் விடுமுறையில் ஒரு வாரமேனும் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். கோத்தோங் ரோயோங்கில் மக்களோடு மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

பெற்றோர்களே, ஆசிரியர் வீடு தேடி வந்தால் குறைகூற வந்தார் என்று அஞ்சாதீர்கள், உள்ளதை உரையுங்கள். மாணவச் செல்வங்களே, ஆசிரியராக விரும்புவோர் இன்றே தொடங்குங்கள்: பின்தங்கிய தோழனுக்கு ஒரு வாய்பாடு சொல்லிக்கொடுங்கள்.