எந்தத் துப்பாக்கி வாங்கலாம் சார்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். ஆல்பர்ட்டா மாகாணத்தில் சின்ன ஊர் ஒன்றில் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் வருஷா வருஷம் மான் வேட்டைக்குப் போவார்களாம். இவனும் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, துப்பாக்கி உரிமமும் வாங்கிவிட்டான்.

"எல்லாத்துக்கும் பொதுவா ஒரே ஒரு ரைபிள் வாங்கணும் சார். .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்குன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"வாத்தியார்கிட்ட கேக்குற கேள்வியா இது?" என்று என் வீட்டுக்காரம்மா சிரித்தார். காரணம் இருக்கிறது. நான் பள்ளியில் என்.சி.சி. பொறுப்பாசிரியராக இருந்தபோது .22 ரைபிளை முதன்முதலில் என்னிடம் பிடித்தவன் அவன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அங்கே எந்த மாதம், எந்த விலங்கு, எத்தனை என்று அரசே கணக்கு வைத்து அனுமதிக்கிறது. நான் எழுதுவது அங்கே இருப்பவனுக்காக.

என் கருத்து இதுதான்: மேக்னம் வேண்டாம். .308 வின்செஸ்டர் போதும். அதுவும் தோளுக்கு அதிகம் என்றால் 7 மி.மீ.-08 அல்லது 6.5 கிரீட்மோர் வாங்கு.

.308 என்பது குண்டின் குறுக்களவு, அங்குலத்தில். வேடிக்கை என்னவென்றால், .300 மேக்னத்தின் குண்டும் அதே பருமன்தான். தோட்டாவில் மருந்து மட்டும் அதிகம். அதனால் வேகம் அதிகம், தூரம் அதிகம், தோளில் விழும் உதையும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குண்டின் எடையை கிரெயின் கணக்கில் சொல்வார்கள். மானுக்கு 150 கிரெயின் குண்டு தாராளம். நம் கணக்கில் ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே, பத்து கிராமுக்குக் கொஞ்சம் கீழே. அது சரியான இடத்தில் பட்டால் 100 கிலோ மான் அதிக தூரம் போகாது.

சரியான இடம் எது? முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி. டிபன் தட்டு அளவு, சுமார் எட்டு அங்குலம். அதற்கு வெளியே பட்டால் எவ்வளவு பெரிய துப்பாக்கியானாலும் மான் ஓடிவிடும்.

பொறுப்பாசிரியர் பயிற்சிக்கு நாக்பூர் பக்கம் காம்ப்டிக்குப் போயிருந்தேன். .303 ரைபிளைக் கொடுத்தார்கள். பத்து ரவுண்டில் தோள் கன்றிப்போனது. குறி எங்கெங்கோ போயிற்று. பயிற்சியாளர் ஒன்றும் பேசாமல் ரைபிளை வாங்கி, தோட்டா போடுவது போலப் பாவனை செய்து திருப்பிக் கொடுத்தார். விசையை அழுத்தினேன். 'டிக்' என்று சத்தம் மட்டும்தான் வந்தது. ஆனால் குழாய் ஒரு முழம் கீழே குத்தியது! எல்லோரும் சிரித்தார்கள். உதை வருமுன்பே உடம்பு பயந்து வெட்டி இழுத்துவிடுகிறது. பலம் குறைவு என்று நினைக்காதீர்கள், எல்லோருக்கும் வரும். துப்பாக்கி பெரிதாகப் பெரிதாக இந்தப் பயமும் பெரிதாகும். அறுபது கிலோ எடையுள்ள என் மாணவன், முதல் துப்பாக்கியாகவே மேக்னம் வாங்கினால் என்ன ஆகும்?

"அங்கே எல்க், மூஸ் எல்லாம் பெரிசு சார்" என்றான். சரி. 165, 180 கிரெயின் குண்டு போட்டால், பக்கத்தில் நின்று சுட .308-ஏ அதற்கும் ஆகும். மேக்னத்தின் லாபம் தொலைதூரத்தில்தான். புதிதாகச் சுடுபவன் 400 மீட்டரில் சுடவே கூடாது. ஜிம் கார்பெட்டுக்கு சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907-இல் பரிசாகக் கிடைத்த ரிக்பி ரைபிள் .275 தான். நான் சொன்ன 7 மி.மீ.-08 அதற்குத் தம்பி முறை.

மற்றவை சுருக்கமாக. போல்ட் ஆக்‌ஷன் வாங்கு, எடை மூன்று, மூன்றரை கிலோ இருக்கட்டும். மூன்றிலிருந்து ஒன்பது மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி போதும். பட்டதும் விரியும் வேட்டைக் குண்டுதான் வேண்டும். செம்புக் குண்டு கிடைத்தால் நல்லது, கறியில் ஈயத்தூள் கலக்காது. .308 தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்கும். மிச்சமாகும் பணத்துக்குத் தோட்டா வாங்கிப் பழகு.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வேறு காரணமும் உண்டு. எனக்குப் பத்து, பதினொன்று வயது. அந்தச் சட்டம் வராத காலம். மலையடிவாரத்தில் எங்கள் கொல்லையில் கடலை மேய வந்த மானைச் சித்தப்பா நாட்டுத் துப்பாக்கியால் இருட்டில் சுட்டார். மான் ஓடிவிட்டது. "பட்டிருக்காது" என்று படுத்துவிட்டார். மூன்றாம் நாள் மாடு ஓட்டிப் போன நான்தான் ஓடையில் அதைப் பார்த்தேன். பின்தொடை முழுக்க ஈ. உயிர் இருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்க முயன்றது, முடியவில்லை. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்புறம் அந்தத் துப்பாக்கியை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

கொல்லாமை அதிகாரம் நடத்திய வாத்தியார் இதை எழுதலாமா என்று சிலர் கேட்பீர்கள். கேளுங்கள். அவன் போவதென்று முடிவு செய்துவிட்டான். அந்த மூன்று நாள் வேதனை இன்னொரு உயிருக்கு வரக் கூடாது, எனக்கு அவ்வளவுதான்.

தம்பி, ஒரு பரீட்சை வைக்கிறேன். எட்டு அங்குலக் காகிதத் தட்டை ஐம்பது மீட்டரில் வை. மேஜையில் சாய்க்காமல், முழங்காலிட்டு ஐந்து ரவுண்டு சுடு. ஐந்தும் தட்டில் விழுந்தால் நூறு மீட்டருக்குப் போ. எந்தத் தூரத்தில் ஒன்று தவறுகிறதோ, அதற்கு முந்தைய தூரம்தான் உன் எல்லை. அதைத் தாண்டி நிற்கும் மானை விட்டுவிடு. வெறுங்கையோடு திரும்பி வருவது அவமானம் இல்லை.

தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. மார்க் நான் போடுகிறேன்.