ஹோமை மட்டும் தனியா வைங்க மக்கா

சாரல் சமயத்துல சித்தி மகன் தென்காசிக்கு வந்தான். வந்தவன் குற்றாலத்துக்குக் கூப்பிடுவான்னு பார்த்தா, பையிலிருந்து அரசாங்க லேப்டாப்பை எடுத்து நீட்டுறான். 2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பிச்சதே, அந்த வரிசை. ஒரே டிஸ்கில் ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸ். எனக்குத் தெரிஞ்ச பல பேர் பாஸை அழிச்சுட்டு அந்த இடத்துல சினிமாப் படம் ஏத்தினாங்க, அது தனிக்கதை :)

இப்ப அதுல புதுசா 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டிருக்கான். "அண்ணே, மின்ட் போட்டுத் தாங்க. எல்லாம் ஒரே பார்ட்டிஷன்ல இருக்கட்டும், அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க."

இன்ஸ்டாலரை அதன் போக்கில் விட்டா அப்படித்தான் போடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

2009-ல் அப்கிரேடு பாதியில் ஓடும்போது கரண்ட் போச்சு. மெஷின் அப்புறம் எழும்பல. திரும்பப் போடுற அவசரத்துல மொத்த டிஸ்கையும் ஃபார்மேட் கொடுத்துட்டேன். ஆச்சி பழைய கதை பேசப் பேச நான் பதிவு பண்ணி வச்சிருந்த ஒலிக்கோப்பு எல்லாம் அதோட போச்சு. ஆச்சி இப்ப இல்லை. ஹோம் தனியா இருந்திருந்தா ரூட்டை மட்டும் அழிச்சிருப்பேன்.

தம்பிக்கு ரூட் 50 ஜிபி, ஸ்வாப் 4, மிச்சம் முழுக்க ஹோம். ரூட்டில் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. ஒருதடவை 10 ஜிபி கொடுத்து மாட்டிக்கிட்டேன். பழைய கெர்னலும் லாக் கோப்புகளும் சேர்ந்து ரூட் நிரம்பிருச்சு. ஹோம்ல ஏக்கர் கணக்கா இடம் சும்மா கிடக்கு, அப்டேட் ஏற மாட்டேங்குது! ஃபிளாட்பேக் ஆப்களும் வழக்கமா ரூட்டில்தான் உக்காரும். பிரிக்க வேண்டாம்கிறவங்க சொல்றதுல நியாயமான குறை இது ஒண்ணுதான். ஃபெடோரா 2020-லிருந்து பிடிஆர்எஃப்எஸ் வச்சு, ரூட்டையும் ஹோமையும் பிரிச்சாலும் இடத்தைப் பொதுவா விட்டிருக்கு. நல்ல ஏற்பாடு. ஆனா தம்பிக்கு மின்ட்தான் வேணுமாம்.

மறுபடி இன்ஸ்டால் பண்ணும்போது மேனுவல் முறைக்குப் போங்க. ஹோமுக்கு மவுண்ட் பாயின்ட் மட்டும் காட்டுங்க, ஃபார்மேட் டிக் இருக்கவே கூடாது. பழைய யூசர் பெயரையே கொடுங்க.

"அப்ப இனி போட்டோ போகாதுல்லண்ணே?"

"டிஸ்க் செத்தா ரெண்டு பார்ட்டிஷனும் சேர்ந்தேதான்ல சாகும். பேக்கப் வேற, இது வேற."

அவன் மகள் போட்டோக்களை ஹோமுக்கு ஒரு காப்பி, என் வெளி டிஸ்குக்கு ஒரு காப்பின்னு ஓடவிட்டுட்டு ஐந்தருவிக்குக் கிளம்பினோம்.