வான் பாயுமுன் வரிக்கணக்கு!

நவம்பர் 30! வருமான வரி விபரத்திரட்டை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் ஒப்படைப்பதற்குச் சட்டம் விதித்திருக்கும் கடைசி நாள் இது. ஆனால் நம்மவர் பலர் கடைசி நாளையே உரிய நாள் என்று கொண்டுவிட்டனர். கேடு தொடங்குவது இங்கேதான்.

வன்னி மண்ணில் நவம்பர் எத்தகைய மாதம் என்பதை ஓமந்தை உழவருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காலபோக விதைப்பில் கையும் காலும் சேற்றில் நிற்கும் மாதம் அது. வடகீழ்ப் பருவமழை கொட்டும். குளங்கள் நிரம்பி வான் பாயும். வீதிகள் வெள்ளத்துள் மறையும். 2025-ஆம் ஆண்டு நவம்பரின் இறுதி நாட்களிலேதான் டித்வா புயல் இலங்கைத் தீவைச் சூறையாடியது. உயிர்கள் மடிந்தன, பாதைகள் துண்டிக்கப்பட்டன, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் செயலற்றுப் போயின. இத்தகைய நாட்களில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை இறைப்பவன், வரிக்கணக்குக்கு வங்கிக் கடிதத்தைத் தேடுவானா? இடர் வந்தால் அரசாங்கம் தவணை கொடுக்கலாம், கொடாமலும் விடலாம். பிறர் கருணையை நம்பித் தன் கடமையைப் பின்போடுவது அறிவுடைமை ஆகாது.

ஆகவே நாம் கூறுவது இதுதான்: மார்ச் 31-இல் முடிவுறும் மதிப்பீட்டாண்டின் கணக்கை, சிறுபோக அறுவடை முடியும் ஓகஸ்ட் மாத அளவிலேயே முடித்துவிடுங்கள். விபரத்திரட்டை அனுப்ப வழி திறந்தவுடன் அனுப்பிவிடுங்கள். இதனால் அரசாங்கத்துக்கு விளையும் நன்மையைக் காட்டிலும் நமக்கு விளையும் நன்மையே பெரிது.

முதலாவதாக, விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 வரை தவணை உண்டெனினும், அவ்வாண்டின் வரியில் எஞ்சிய தொகையைச் செலுத்தி முடிக்கவேண்டிய நாள் செப்டெம்பர் 30 ஆகும். நவம்பரில் கணக்குப் பார்க்கத் தொடங்குபவன், தான் செலுத்தவேண்டிய தொகை இன்னதென்று அறியும்போது இரு மாதங்கள் கடந்திருக்கும். வட்டியும் தண்டமும் வளரத் தொடங்கியிருக்கும். ஓகஸ்டிலேயே கணக்கை முடித்தவனோ, உரிய தொகையை உரிய நாளில் செலுத்துவான். முந்திக் கணக்கு அனுப்புவதால் முந்திப் பணம் கட்டவேண்டும் என்று எவரும் அஞ்ச வேண்டா. கணக்கு வேறு, கட்டணம் வேறு.

இரண்டாவதாக, நமக்கு வரவேண்டிய பணம். வரி விபரத்திரட்டு என்றாலே கொடுப்பதற்கான பத்திரம் என்று எண்ணுவோர் பலர். அது பெறுவதற்கான பத்திரமும் ஆகும். தனியார் நிறுவனமொன்றில் பகுதிநேரமாகப் பணியாற்றும் வைத்தியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மாதம் 2 இலட்சம் ரூபா கட்டணம் கிடைக்கிறது. வேறு வருமானம் இல்லை. மாதம் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய கட்டணத்தில் நூற்றுக்கு 5 வீதம் முற்பணமாகப் பிடிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 1,20,000 ரூபா! அவர் செலுத்தவேண்டிய உண்மையான வரி எவ்வளவு? 2025 ஏப்பிரல் முதலாந் திகதி முதல் தனியாள் விடுதொகை 18 இலட்சம். அதற்கு மேற்பட்ட முதற் 10 இலட்சத்துக்கு வரி நூற்றுக்கு 6 வீதம். அவரது 24 இலட்சத்தில் விடுதொகை போக எஞ்சுவது 6 இலட்சம்; அதற்கு வரி 36,000 ரூபா. மிகுதியான 84,000 ரூபா அவருடைய பணம். கேட்டாலன்றி அது திரும்பி வாராது.

ஓய்வுபெற்ற ஆசிரியரின் நிலையும் இதுவே. அரசாங்க ஓய்வூதியத்துக்கு வரி இல்லை. ஆனால் வங்கி வைப்பின் வட்டியில் நூற்றுக்கு 10 வீதம் பிடிக்கப்படுகிறது. ஆண்டுக்கு 6 இலட்சம் வட்டி பெறுபவர் 60,000 ரூபாவை இழக்கிறார். அவரோ வரி செலுத்தக் கடமைப்பட்டவரே அல்லர். வரிக்குரிய வருமானம் 18 இலட்சத்துக்குக் குறைந்தவர்கள் ஆண்டின் தொடக்கத்திலேயே வங்கியிடம் சுய பிரகடனம் கொடுத்து இப்பிடிப்பினைத் தவிர்க்கலாம். கொடுக்கத் தவறியவர் விபரத்திரட்டின் மூலம் மீளக் கோரலாம்.

மீளப் பெறுவதற்கும் வரிசை உண்டு. வரிசை என்பது யாதென ஓமந்தை மக்களுக்கு எவரும் பாடம் புகட்ட வேண்டியதில்லை. 2015-இல் அகற்றப்படும் வரை இவ்வூர்ச் சோதனைச் சாவடியில் கால்கடுக்க நின்ற மக்கள் அவர்கள். வரிசையின் தலையில் நிற்பவனுக்கும் வாலில் நிற்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் உடம்பால் அறிந்தவர்கள்.

மூன்றாவதாக, தண்டம். விபரத்திரட்டு அனுப்பத் தவறியவர்மீது 2017-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் விதிக்கும் தண்டம் யாது? செலுத்தவேண்டிய வரியில் 5 வீதமும், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் 1 வீதமும். அல்லது 50,000 ரூபாவும் மாதந்தோறும் 10,000 ரூபாவும். இவ்விரண்டில் எது பெரிதோ அதுவே தண்டம். அதன் உச்ச எல்லை 4 இலட்சம். 36,000 ரூபா வரிக்கு உரியவன் ஒரு மாதச் சோம்பலால் அதனினும் பெரிய தண்டத்துக்கு ஆளாகலாம். வரியினும் தண்டம் பெரிதாகும் இக்கொடுமை செல்வந்தனைச் சுடாது. சிறிய உத்தியோகத்தனையே சுடும்.

இனி, உழவர் பெருமக்களுக்கு ஒரு சொல். பதப்படுத்தாது விற்கும் விளைபொருளின் இலாபத்துக்கு 2019 ஏப்பிரல் முதலாந் திகதி முதல் ஐந்து ஆண்டுகள் அளிக்கப்பட்டிருந்த வரிவிலக்கு, 2024 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. சில ஏக்கர் வயல் செய்யும் சிறு விவசாயியின் இலாபம் 18 இலட்சத்தை எட்டாது. அவன் அஞ்ச வேண்டியதில்லை. பல வயல்களைக் குத்தகைக்கு எடுத்துச் செய்பவரும், உழவு இயந்திரத்தையும் அறுவடை இயந்திரத்தையும் வாடகைக்கு விடுபவரும் கணக்குப் பார்த்தே ஆகவேண்டும்.

பிரித்தானியர் ஆட்சியிலே நெல் வரி என்று ஒன்று இருந்தது. உழவன் எவ்வளவு செலவிட்டான் என்று அது கேட்கவில்லை. விளைவில் பங்கு கேட்டது. 1880-களில் வலப்பனைப் பகுதியில் நிலுவை வரிக்காக ஏழைச் சிங்கள உழவரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன, குடும்பங்கள் அழிந்தன. 1892-இல் அவ்வரி ஒழிக்கப்பட்டது. இன்றைய வரியோ இலாபத்தின் மீதானது. விதைநெல், பசளை, கிருமிநாசினி, கூலி, இயந்திர வாடகை யாவும் கழிக்கத்தக்கவை. ஆனால் காட்டினாற்றான் கழிக்கப்படும். பற்றுச்சீட்டு இல்லாத செலவு செலவாகாது. களத்துமேட்டில் நெல் மூடை கட்டும்போதே செலவை எழுதிவைப்பவனுக்குச் சான்று இருக்கும். எட்டு மாதம் கழித்து நினைவுகூர முயல்பவனுக்கு ஏமாற்றமே இருக்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர்.

“இந்த அரசாங்கம் வன்னிக்கு என்ன செய்தது? அதற்கு நாம் ஏன் முந்திக்கொண்டு கணக்குக் கொடுக்கவேண்டும்?” என்று சிலர் வினவுவர். அக்கேள்வியில் நியாயம் இல்லையென்று நாம் சொல்லோம். போரிலே வீட்டையும் வயலையும் இழந்த மக்கள் கேட்கும் கேள்வி அது. ஆயினும் தாமதித்தால் அரசாங்கம் இழப்பது ஒன்றுமில்லை. தண்டமும் வட்டியும் அதன் திறைசேரிக்கே போகும். இழப்பவர் நாமே. கடையில் வாங்கும் பல பொருள்களின் விலையில் 18 வீதப் பெறுமதி சேர் வரியை ஏழையும் செலுத்துகிறான். அதற்கு அவன் கையில் சான்று ஏதுமில்லை. விபரத்திரட்டோ எழுத்திலுள்ள சான்று. கணக்குக் கொடுத்தவனுக்கே கணக்குக் கேட்கும் குரல் ஓங்கி ஒலிக்கும்.

திணைக்களத்துக்கும் நாம் சொல்ல வேண்டியது உண்டு. 1987-இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆகவே தமிழில் பத்திரமும் தமிழில் விளக்கமும் தமிழில் பதிலும் நாம் இரந்து பெறும் சலுகைகள் அல்ல, உரிமைகள். யூலை, ஓகஸ்ட் மாதங்களில் வன்னியின் கமநல சேவை நிலையங்களிலும் பிரதேச செயலகங்களிலும் தமிழறிந்த உத்தியோகத்தரைக் கொண்டு நடமாடும் சேவை நடத்தவேண்டும். கணினி இல்லாதவனுக்கும் வழிகாட்டவேண்டும். நவம்பரில் தண்டம் விதிக்க வருபவர், ஓகஸ்டில் உதவி செய்யவும் வரவேண்டும் அன்றோ?

அதற்காக நாம் காத்திருக்க வேண்டா. வேலைகொள்வோரிடம் வரிப்பிடிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வங்கியிலும் அவ்வாறே கேளுங்கள். வரி செலுத்துநர் அடையாள இலக்கம் பிழையின்றி இருக்கிறதா என்று பாருங்கள். பற்றுச்சீட்டுக்களை ஓர் உறையில் இட்டு வையுங்கள். குளம் வான் பாயத் தொடங்கிய பின் கட்டுத் திருத்த மண் சுமப்பவன் வன்னியில் இல்லை. வரிக்கணக்கிலும் நாம் அவ்வறிவோடு நடப்போமாக!