காமிராவுக்கு முன் பாட்டரி

கிணற்றடியில் மோட்டார் ஒயர் திருட்டு, பட்டியில் ஆடு திருட்டு ஆகியவற்றுக்கு அஞ்சி, தோட்டத்தில் கண்காணிப்புக் காமிரா பொருத்தும் உழவர்கள் பெருகி வருகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால், எத்தனை காமிரா, படம் எவ்வளவு தெளிவு என்று கேட்டு வாங்கும் நாம், மின்சாரம் நின்ற பிறகு அது எத்தனை மணி நேரம் வேலை செய்யும் என்று கேட்பதில்லை.

மின்சாரம் இல்லாத வேளையில்தான் ஷாக் அடிக்கும் அச்சமின்றி ஒயரை அறுக்க முடியும். அவ்வேளையில் கண் மூடிவிடும் காமிரா இருந்தும் பயனில்லை. நான்கு காமிராவும் அரை மணி நேரம் தாங்கும் பாட்டரியும் வாங்குவதைவிட, இரண்டு காமிராவும் இரவு முழுவதும் தாங்கும் பாட்டரியும் வாங்குவதே சிறு விவசாயிக்கு ஏற்றது என்பது என் கருத்து.

கணக்கு எளிதுதான். இரவில் பார்க்கும் காமிரா ஒன்றுக்குச் சுமார் 6 வாட் என்று கொண்டால், இரண்டுக்கு 12 வாட். பதிவுப் பெட்டிக்கு 10 வாட், இன்டர்நெட் பெட்டிக்கு 8 வாட். ஆக 30 வாட். 12 மணி நேர இரவுக்கு 360 வாட்-மணி தேவை. ஈய அமில பாட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே 720 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 60 ஆம்பியர்-மணி. உங்கள் கருவிகளின் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால், அது தரக்கூடிய அதிகபட்ச வாட் கிடைக்கும். அதை வைத்து நீங்களே இக்கணக்கைப் போடலாம்.

இதற்கென்று பெரிய இன்வெர்ட்டர் வாங்க வேண்டியதில்லை. இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 வோல்ட்டாக உயர்த்துகிறது. அடாப்டர் அதை மீண்டும் 12 வோல்ட்டாகக் குறைக்கிறது. இரு முறையும் மின்சாரம் வீணாகிறது. இன்வெர்ட்டரே 15 வாட் எடுத்துக்கொண்டால், அதே இரவுக்கு 60க்குப் பதில் 90 ஆம்பியர்-மணி தேவைப்படும். கருவிகள் எல்லாம் 12 வோல்ட்டில் இயங்குபவையாக இருந்தால், பாட்டரியிலிருந்து நேரடியாகவே கொடுக்கலாம். ஆனால் சார்ஜ் ஏறும்போது பாட்டரியின் அழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். ஆகவே, இடையில் சீரான 12 வோல்ட் தரும் ரெகுலேட்டர் அவசியம். கம்ப்யூட்டருக்கான சிறு யு.பி.எஸ். இரவு முழுவதும் தாங்காது.

டிராக்டர், கார் பாட்டரிகள் என்ஜினைக் கிளப்ப மட்டுமே ஏற்றவை. மெதுவாக இறங்கி ஏறும் வேலைக்கு டியூபுலர் பாட்டரியே நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 80 சதம் வரை பயன்படுத்தலாம் என்பதால், 40 ஆம்பியர்-மணியே போதும். விலை கூடுதல், அதற்கேற்ற சார்ஜரும் வேண்டும்.

மின் இணைப்பே இல்லாத மூலையில், சிம் கார்டு போட்ட 5 வாட் காமிரா ஒன்றைச் சூரிய ஒளித் தகட்டில் இயக்கலாம். நாளொன்றுக்கு 120 வாட்-மணி ஆகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் 60 ஆம்பியர்-மணி ஈய அமில பாட்டரி தாங்கும். 75 வாட் தகடு ஒன்றும், சார்ஜ் கட்டுப்படுத்தும் கருவியும் சேர்க்க வேண்டும். தகட்டின் மேல் தென்னை நிழல் விழக் கூடாது.

பம்புசெட் மின் இணைப்பு நீர் இறைப்பதற்காக வழங்கப்பட்டது. அதில் காமிராவை இணைக்குமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நலம்.

பாட்டரியைத் தகரக் கொட்டகையின் வெப்பத்தில் வைக்காமல், காற்றோட்டமான நிழலில் வைத்துப் பூட்டுங்கள். அதுவும் திருட்டுப் போகும் பொருளே. பாட்டரி முனையருகே ஃபியூஸ் போடுங்கள். டியூபுலர் பாட்டரியில் நீர் குறைந்தால் வாலை வடிநீரையே ஊற்றுங்கள். மாதம் ஒருமுறை, மாலையில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, விடியும்வரை காமிரா பதிவு செய்கிறதா என்று பாருங்கள். விடியுமுன் பதிவு நின்றுவிட்டால், பாட்டரியைச் சரிசெய்த பிறகே அடுத்த காமிராவைப் பற்றி யோசியுங்கள்.